இருந்துவிட்டுப் போகட்டும்

இரவு 11:30. விளக்கை அணைத்தாயிற்று. போன் தலைமாட்டில் இல்லை; முந்தைய அத்தியாயத்தில் சொன்னபடி கூடத்தில் சார்ஜில் கிடக்கிறது. ரீல்ஸ் பார்க்கும் ஆப்பை அழித்து நான்கு நாள் ஆகிறது. எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறீர்கள். ஆனாலும் பத்து நிமிடம் புரண்டு படுத்த பிறகு கால் தானாகக் கூடத்துக்கு நடக்கிறது. ‘அலாரம் வைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம்’ என்று ஒரு காரணமும் வாய்த்துவிடுகிறது. ஆப் மறுபடி இறங்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அடுத்து மணி பார்க்கும்போது 2:10.

வேலி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேலி வேண்டும். ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று பார்க்காமல் வேலியை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால், அதைத் தாண்டும் சாமர்த்தியமும் கூடவே வளர்கிறது. விளக்கை அணைத்ததற்கும் கால் நடந்ததற்கும் நடுவில் ஒரு பத்து நிமிடம் போயிற்றே, இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்பா இறந்த பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் நான் சரியாகத் தூங்கவில்லை. போன்தான் காரணம் என்று நினைத்தேன். வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். சமையல் வீடியோ, பழைய கிரிக்கெட் ஆட்டம், யாரோ எங்கோ வீடு கட்டுவது, எது வந்தாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். நேரக் கட்டுப்பாடு வைத்தேன், நானே தளர்த்தினேன். மனைவியிடம் பாஸ்வேர்டைக் கொடுத்தேன், பிறகு கெஞ்சி வாங்கினேன். ஓர் இரவு கூடத்துக்குப் போகும் வழியில் பாதியில் நின்றேன். நின்றதும், நெஞ்சில் யாரோ அம்மிக் கல்லை வைத்ததுபோல் ஒரு பாரம் இருப்பது தெரிந்தது. அப்பா கடைசியில் படுத்திருந்த கட்டில் அந்தக் கூடத்தில்தான் கிடந்தது. ஒவ்வொரு இரவும் அந்தப் பாரம் தலைதூக்கும் நேரத்தில்தான் கை போனைத் தேடியிருக்கிறது. போன் என்னை இழுக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பின்னாலிருந்து ஒன்று தள்ளிக்கொண்டிருந்தது தெரியவே இல்லை.

எல்லோருக்கும் அது துக்கமாக இருக்காது. வேலை தேடிக்கொண்டிருப்பவருக்கு அது நாளைய பயம். புது ஊரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்குத் தனிமை. கைக்குழந்தையோடு நாள் முழுக்க வீட்டில் இருக்கும் தாய்க்கு, பெயர் சொல்ல முடியாத ஓர் அயர்ச்சி. பலருக்கு வெறும் சலிப்புதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சலிப்பை அற்பமாக எண்ண வேண்டாம். நிறையப் பேரைப் போனுக்குள் தள்ளுவது அதுதான்.

குடிப்பழக்கத்தை விடுகிறவரிடம் கடைப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லலாம். போனை அப்படி விட முடியாது. பஸ் டிக்கெட் அதில் இருக்கிறது, பால்காரருக்குப் பணம் அதில் போகிறது, பிள்ளையின் வீட்டுப்பாடம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. தூண்டுகிற பொருள் நாள் முழுவதும் சட்டைப்பையிலேயே இருக்கப் போகிறது. ஆகவே தூண்டல் வராத வாழ்க்கைக்குக் காத்திருக்க முடியாது. தூண்டல் வரும்போது அதோடு இருக்கப் பழகுவது ஒன்றே நம் கையில் இருக்கிறது. இதைத்தான் உளவியலாளர்கள் ஏற்பு என்கிறார்கள். நம் வீடுகளில் அதற்கு இன்னும் நல்ல சொல் இருக்கிறது: இருந்துவிட்டுப் போகட்டும். அந்தச் சொல்லில் இருப்பதும் இருக்கிறது, போவதும் இருக்கிறது. வந்ததை விரட்டவும் வேண்டாம், உபசரிக்கவும் வேண்டாம். கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு போகும்.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வருகிறது, அதை இப்போதே தீர்த்துவிடலாம். ‘ஏற்றுக்கொள்’ என்றால், இரவு 2 மணிவரை பார்ப்பதை ஏற்றுக்கொள் என்று பொருள் ஆகாது. ‘நான் இப்படித்தான், என்ன செய்ய’ என்று கைவிரிப்பதும் ஏற்பு ஆகாது. ஏற்க வேண்டியது நெஞ்சில் இருக்கும் பாரத்தை, விரல் நுனியின் பரபரப்பை, ‘எடு, எடு’ என்று நச்சரிக்கும் எண்ணத்தை. போனை எடுப்பதா வேண்டாமா என்பது வேறு கேள்வி. முதலாவது நம் கையில் இல்லை, தானாக வருகிறது. இரண்டாவது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. நாம் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம்: பாரம் வரவே கூடாது என்று போராடுகிறோம், கையைச் சும்மா விட்டுவிடுகிறோம்.

போராடினால் என்ன ஆகும் என்பதை 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எளிய சோதனை ஒன்றில் காட்டினார். வெள்ளைக் கரடியைப் பற்றி ஐந்து நிமிடம் நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். இனி நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்ததும், முன்பு அடக்கி வைத்திருந்தவர்களுக்கு, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை பல்லைக் கடித்துக்கொண்டு போனைத் தொடாமல் இருந்துவிட்டு, சனிக்கிழமை முழுக்க அதிலேயே கிடந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வெட்கத்தையும் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். இணையப் பக்கத்தின் அடி வந்துவிட்டால் கை நிற்கும். அந்த அடியே இல்லாமல் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும்படி 2006இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். அடுத்து வருவது நல்ல வீடியோவா, சப்பென்ற வீடியோவா என்று தெரியாமல் இருப்பதும் தற்செயல் இல்லை. எப்போது தானியம் விழும் என்று தெரியாதபோது புறா சலிக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார். நம் மனம் அதில் சிக்குவது மனித மனம் வேலை செய்யும் விதம். ‘எனக்கு மட்டும் மன உறுதி இல்லை’ என்று தன்னைத் திட்டிக்கொள்வது ஒரு புது வலியை உண்டாக்கும். அந்த வலியைத் தணிக்கவும் கை போனுக்குத்தான் போகும்.

இனி செய்ய வேண்டியது. முதல் ஏழு நாள் எதையும் குறைக்க வேண்டாம். இதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் அப்படித்தான் தொடங்க வேண்டும். ஒரு சிறிய நோட்டு வாங்குங்கள், மளிகைக் கணக்கு எழுதும் நோட்டு போதும். காரணமில்லாமல் போனை எடுத்தபோதெல்லாம், எடுப்பதற்கு முந்தைய நொடியில் உள்ளே என்ன இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள் என்று எழுதாதீர்கள்; அதைப் போனே கணக்கு வைத்திருக்கிறது, அது உங்களைக் குற்றவாளியாக்க மட்டுமே உதவும். என் நோட்டின் முதல் வாரத்து வரிகள் சில:

‘காலை 6:50. விழித்ததும். இன்றைக்கு மேலாளரிடம் பேச வேண்டும். வயிறு.’
‘மதியம் 1:20. சாப்பிட்டு முடித்தேன். ஒன்றும் இல்லை. சும்மா.’
‘மாலை 4. மெயில் எழுத உட்கார்ந்தேன், முதல் வரி வரவில்லை.’
‘இரவு 11:45. கட்டில்.’

எழுதும் சொல் உடம்பைச் சார்ந்ததாக இருந்தால் நல்லது. ‘மன அழுத்தம்’ என்று எழுதினால் அது செய்தித்தாள் சொல்லாக நின்றுவிடும். ‘தொண்டை அடைக்கிறது’, ‘பிடரி இறுகியிருக்கிறது’, ‘வயிற்றில் புளி கரைக்கிறது’ என்று எழுதுங்கள். ஏழாம் நாள் முழுவதையும் ஒரு தடவை வாசித்தால் உங்களைத் தள்ளும் இரண்டு மூன்று விஷயங்களே திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். ஒன்று, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எழுதத் தொடங்கியதும் சிலருக்குப் போன் நேரம் தானாகக் குறையும், சிலருக்கு வருத்தம் கூடும். இரண்டும் நடக்கக்கூடியவையே.

இரண்டாம் வாரத்திலிருந்து, ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை மட்டும், உந்துதல் வரும்போது போனை எடுக்காமல் அப்படியே இருந்து பாருங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் போதைப் பழக்கங்களை ஆராய்ந்த ஆலன் மார்லட் இதைக் கடலலையில் சறுக்குவதோடு ஒப்பிட்டார். சறுக்குப் பலகையில் ஏறிப் பழக்கமில்லாத நமக்கு மெரினா போதும். கணுக்கால் தண்ணீரில் நின்றிருப்பீர்கள். அலை திரும்பும்போது காலடி மணல் அரித்துக்கொண்டு ஓடும், விழப்போகிறோம் என்றே தோன்றும். கொஞ்சம் முழங்காலை மடித்து நின்றால் போதும், தண்ணீர் வடிந்துவிடும். உந்துதலும் அப்படித்தான்: ஏறும், உச்சிக்கு வரும், இறங்கும். போனை உடனே எடுத்துவிடுவதால், அது தானாக இறங்குவதை நம்மில் பலர் வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதனால்தான் எடுக்காவிட்டால் அது ஏறிக்கொண்டே போகும் என்று நம்புகிறோம்.

உட்காருங்கள், அல்லது நின்ற இடத்திலேயே நில்லுங்கள். உந்துதல் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். எனக்கு அது கட்டைவிரலிலும் நெஞ்சின் நடுவிலும் இருந்தது. அதன் அளவு என்ன, சூடாக இருக்கிறதா, துடிக்கிறதா, ஒரே இடத்தில் இருக்கிறதா, நகர்கிறதா? புது ஊரில் தெருவைப் பார்க்கிற மாதிரி பாருங்கள். மூச்சைப் பெரிதாக இழுத்து அதை விரட்டப் பார்க்காதீர்கள். மூச்சை ஆயுதமாக்கினால் மறுபடி சண்டைதான். உள்ளுக்குள் ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று சொல்லிக்கொள்ளலாம். சில நிமிடங்களில் கொஞ்சம் தளரும். தளராவிட்டாலும் தோல்வி இல்லை. தளராத ஒன்றோடு ஐந்து நிமிடம் இருந்துவிட்டீர்கள், நேற்றுவரை ஐந்து நொடி இருந்ததில்லை. பிறகு வேண்டுமானால் போனை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சியைத் தொடங்கும்போது அந்த அனுமதி இருப்பது முக்கியம். இதற்கென்று தியான ஆப் எதையும் இறக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்; கை அதே இடத்துக்குத்தான் போகும்.

உடம்பைப் போலவே எண்ணமும் பிடித்துத் தள்ளும். ‘ஒரு தடவை பார்த்தால் என்ன?’, ‘இன்றைக்கு ரொம்பக் களைப்பு, நாளையிலிருந்து சரியாக இருக்கலாம்’, ‘குழுவில் ஏதாவது முக்கியமாக வந்திருக்கும்’. இவற்றோடு வாதாடினால் தோற்போம். அதற்குத் தமிழிலேயே ஒரு கருவி இருக்கிறது, ‘என்று’ என்ற சின்னச் சொல். ‘ஒரு தடவை பார்த்தால் என்ன’ என்பது உள்ளே கேட்கும்போது உத்தரவு மாதிரி இருக்கும். ‘ஒரு தடவை பார்த்தால் என்ன என்று மனசு கேட்கிறது’ என்று முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். சொன்னது யாரோ, கேட்பது நான் என்று ஆகிவிடும். நடுவில் ஓர் அடி இடைவெளி விழும். ‘என்னால் முடியாது’ என்பது வேறு, ‘என்னால் முடியாது என்று தோன்றுகிறது’ என்பது வேறு. பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்ளலாம், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வாய்விட்டுச் சொன்னால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அறையில் தனியாக இருந்தால் கூச்சப்பட வேண்டாம்.

ஏற்பு என்ற இந்த முறையைச் சிகிச்சையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஸ்டீவன் ஹேய்ஸ். அவரும் சக ஆய்வாளர்கள் இருவரும் 1999இல் இதை நூலாக எழுதினார்கள். இணையப் பழக்கத்தில் இது பயன்படுமா என்பதற்கு ஓர் ஆரம்பகால முயற்சி 2010இல் வந்தது. இணையத்தில் ஆபாசப் படம் பார்ப்பதை நிறுத்த முடியாமல் தவித்த 6 ஆண்களுக்கு, அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் டூஹிக்கும் அவருடன் பணியாற்றியவரும் 8 அமர்வுகள் நடத்தினார்கள். உந்துதலை அடக்கச் சொல்லித்தரவில்லை. உந்துதல் இருக்கும்போதே அதன்படி நடக்காமல் இருக்கவும், தங்களுக்கு முக்கியமானதைச் செய்யவும் பழக்கினார்கள். பார்க்கும் நேரம் 85 சதவீதம் குறைந்தது. ஆறே பேர்தான், இதை வைத்து எல்லோருக்கும் உறுதி கூற முடியாது. ஆனால் வெட்கம் மிகுந்த ஒரு பழக்கத்தில்கூட, சண்டை போடாமலே குறைக்க முடிந்திருக்கிறது என்பது எனக்குத் தெம்பு தருகிறது.

‘முக்கியமானதைச் செய்யவும்’ என்றேனே, அந்தப் பாதியை விட்டுவிட்டால் ஏற்பு வெறும் பொறுமைப் பரீட்சையாகிவிடும். கை சும்மா இருக்காது, அதற்கு வேலை வேண்டும். இதை நன்றாக உணர்ந்தவர் ஷோமா மொரிட்டா என்ற ஜப்பானிய மனநல மருத்துவர். நூறு ஆண்டுகளுக்கு முன், 1919 வாக்கில் அவர் உருவாக்கிய சிகிச்சையின் முதல் கட்டம் நம் காலத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும். பதற்றத்தோடு வருபவரை ஏறக்குறைய ஒரு வாரம் தனி அறையில் படுக்க வைத்துவிடுவார். வாசிக்கக் கூடாது, பேசக் கூடாது, பொழுதுபோக்கு எதுவும் கிடையாது. பதற்றம் வரும், ஏறும், இறங்கும். அதைக் கடந்த பிறகு சலிப்பு வரும். எதையாவது செய்ய மாட்டோமா என்று கைகள் ஏங்கும். அந்த ஏக்கம் வந்த பிறகுதான் தோட்டத்தைப் பெருக்குவது போன்ற எளிய வேலை, அடுத்துக் கடினமான வேலை, கடைசியில் வழக்கமான வாழ்க்கை. உணர்ச்சியை உள்ளபடியே இருக்க விட்டு, செய்ய வேண்டியதைச் செய் என்பதுதான் அவருடைய வைத்தியம். பயம் போன பிறகு வேலை செய்யலாம் என்று அவர் காத்திருக்கச் சொல்லவில்லை.

நாம் ஒரு வாரம் அறையைப் பூட்டிக்கொள்ள முடியாது. ஆனால் தினம் இருபது நிமிடம் சலிப்பைச் சலிப்பாகவே விட்டு வைக்கலாம். ரேஷன் கடை வரிசையில், பஸ்சில், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது. பிறகு, நோட்டில் திரும்பத் திரும்ப வந்த வரிக்கு எதிரே ஒரு சின்னச் செயலை எழுதுங்கள். செயல் சின்னதாக, கையால் செய்வதாக, அந்த வரியோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். தனிமை என்றால் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுவது. குரல் கேட்கும்படி, மெசேஜ் போதாது. மெயிலின் முதல் வரி வரவில்லை என்றால் ‘வணக்கம்’ என்று மட்டும் தட்டுவது. நான், இரவு 11:45க்கு, அப்பாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் என் செயல். முதல் சில நாள் அழுகை வந்தது.

வீட்டில் பிள்ளைக்காக இதை வாசிக்கும் பெற்றோருக்கு ஒன்று. ஏற்பைப் பிள்ளைக்குப் போதிக்க முடியாது, நீங்கள் அவனிடம் நடந்துகொள்ளும் விதத்தில் அவன் கற்றுக்கொள்வான். இரவு ஒரு மணிக்கு அறையில் வெளிச்சம் தெரிந்தால் ‘குடுடா போனை’ என்று பிடுங்குவது எளிது. எனக்குத் தெரிந்த ஒரு தாய் ஓர் இரவு கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

“தூக்கம் வரலியாடா?”

“வரலம்மா.”

“நாளைக்கு ஏதாச்சும் இருக்கா?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. “அரியர் ரிசல்ட் வருது.”

“பயமா இருக்கா?”

“ம்.”

அவர் போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பால் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே இருந்தார். அன்றைக்கு மட்டும் அவன் 1:30க்குத் தூங்கினான். அதன் பிறகும் பல இரவுகள் விழித்திருந்தான். ஆனால் பயம் வந்தால் சொல்லலாம் என்று அவனுக்கு ஒரு வழி திறந்தது.

எதை ஏற்கக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் பணம் போய்க்கொண்டிருந்தால், இணையத்தில் யாராவது மிரட்டினால், படிப்போ வேலையோ கைவிட்டுப் போகும் நிலையில் இருந்தால், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், நோட்டோடு தனியாக உட்காராதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் பதிப்பில், விளையாட்டு அடிமைத்தனம் ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாவது, கெடுதல் நேர்ந்த பிறகும் தொடர்வது என்று மூன்று அடையாளங்கள். வழக்கமாக ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும். பொதுவான இணையப் பழக்கத்துக்கு அதில் தனிப் பெயர் இல்லை, என்றாலும் இந்த மூன்றும் நம்மைச் சோதித்துக்கொள்ள நல்ல அளவுகோல். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்றே தனி கிளினிக் 2014 முதல் நடக்கிறது. உதவி தேவைப்படுகிறது என்பதும் ஏற்க வேண்டிய ஒன்றுதான்.

கடைசியாக, சறுக்கல். அது வரும். இரண்டு வாரம் நன்றாகப் போன பிறகு ஓர் இரவு மறுபடி 2:30 ஆகும். அப்போது மனம் நம்மிடம் ஒரு பழமொழியைச் சொல்லும்: தலைக்கு மேல் வெள்ளம் போன பின் சாண் என்ன, முழம் என்ன. சொட்டுப் பட்டதைத்தான் அது வெள்ளம் என்கிறது. மார்லட் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: ஒரு தடவை தவறியதைவிட, தவறிவிட்டோமே என்ற குற்ற உணர்வுதான் மனிதரை முழுவதுமாகப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சறுக்கிய மறுநாள் புதுச் சபதம் எடுக்காதீர்கள், புது விதி போடாதீர்கள். நோட்டைத் திறந்து வழக்கம்போல் ஒரு வரி எழுதுங்கள், முந்தைய நொடியில் என்ன இருந்தது என்று. பிறகு அந்த நாளுக்கு உரிய அடுத்த வேலையைப் பாருங்கள்.

என் நோட்டில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. ‘நாள் 19. இரவு 12:10 முதல் 2:40 வரை. நாளை அப்பாவின் திதி. நெஞ்சு, பிடரி. கட்டிலில் உட்கார முடியவில்லை.’ அதற்குக் கீழே, வேறு மையில்: ‘காலை 6:30. பாலும் வாழை இலையும் வாங்கப் போனேன்.’